ஒரு தரம் கூடினால் எந்தக் கதவு திறக்கும்? – நம் நாட்டுத் தேர்வுகளும் பல்கலைக்கழக நுழைவும்



சில வாரங்களுக்கு முன், பள்ளி முடிந்து வெளியே வரும் வேளையில் ஓர் அம்மையார் வாயிலில் எனக்காகக் காத்து நின்றார். அவருடைய மகன் என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்றவன். இப்பொழுது ஆறாம் படிவத்தில் இருக்கிறான். எஸ்.டி.பி.எம். முதற்பருவத் தேர்வின் முடிவு அவன் எண்ணியபடி அமையவில்லை.

"மறுபடியும் எழுதலாமாம் டீச்சர். எழுதினா மட்டும் யூனிவர்சிட்டி கெடைக்கவா போகுது? பேசாம வேலைக்குப் போறேங்கிறான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"எழுதச் சொல்லுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாய் உடனே சொல்லிவிட்டது. வீட்டிற்கு வரும் வழியெல்லாம் மனம்தான் வேறொன்றைக் கேட்டுக்கொண்டே வந்தது. இதே கேள்வியை என் தந்தையார் காலத்தில் கேட்டிருந்தால் யாரும் இப்படி விடையளித்திருக்க மாட்டார்கள். என் காலத்தில் கேட்டிருந்தாலும் விடை வேறாகவே இருந்திருக்கும். மதிப்பெண் கூடினால் வாய்ப்புக் கூடும் என்று பிள்ளைகளிடம் நாம் நாள்தோறும் சொல்கிறோம். எவ்வளவு கூடினால் எவ்வளவு கூடும், யாருக்குக் கூடும் என்பது இந்நாட்டில் பலமுறை மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதி வைக்கிறேன்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தோன்றியது. ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து உருவானது அது. கோலாலம்பூர் வளாகம் 1959-இல் தன்னாட்சி பெற்று, 1962-இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பினாங்கில் 1969-இல் இன்னொன்று எழும்வரை இந்நாட்டிற்கு அது ஒன்றே பல்கலைக்கழகம். இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அந்நாளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு எட்டாத தொலைவில் இருந்தது. அவனுக்கு முன் நின்ற கதவு பன்னிரண்டு வயதிலேயே வந்துவிட்டது. 1957 முதல் 1964 வரை இடைநிலைப்பள்ளி நுழைவுத்தேர்வு ஒன்று நடத்தப்பட்டது. அதில் தேறியவர் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றனர். தேறாத மிகப் பலருக்குப் படிப்பு அத்தோடு முடிந்தது. தரத்தை உயர்த்திக்கொள்ளலாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற பேச்சிற்கே அங்கு இடமில்லை. 1965 முதல் அத்தேர்வு நீக்கப்பட்டு, ஒன்பது ஆண்டுக் கல்வி எல்லாருக்கும் திறந்தது. கதவு மூன்றாம் படிவத்திற்குத் தள்ளிப் போனது என்று சொல்லலாம். மூன்றாம் படிவத்தில் எல்.சி.இ. என்னும் தேர்வு காத்திருந்தது. என் தந்தையார் அந்தக் கதவருகே நின்றுபோனவர். எல்.சி.இ. தேர்வில் தேறாமல், பதினேழு வயதில் பால்மரம் வெட்டச் சென்றார். ஒரேயொரு பாடத்தில்தான் தவறவிட்டதாக அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பாடம் என்று மட்டும் சொன்னதில்லை.

பயிற்றுமொழியும் அக்காலத்தில்தான் மாறிக்கொண்டிருந்தது. 1970-இல் முதலாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆங்கிலப்பள்ளிகள் மலாய்மொழிக்கு மாறின. 1980-களின் தொடக்கத்தில் ஆறாம் படிவமும் அதைத் தொடர்ந்து பல்கலைக்கழகமும் மாறின. ஐந்தாம் படிவத் தேர்வில் மலாய்மொழியில் தேறாதவருக்குச் சான்றிதழே கிடையாது என்பதும் நிலைபெற்றது. கணக்கில் எத்தனை சிறப்பாகச் செய்திருந்தாலும் சரி, மலாய்மொழி கைவிட்டால் முழுத்தேர்வும் போயிற்று. தமிழில் ஆறாண்டு பயின்று வந்த பிள்ளைக்கு, மற்ற எப்பாடத்தில் ஒரு தரம் கூடுவதைக் காட்டிலும் மலாய்மொழியில் ஒரு தரம் கூடுவது பெரிது. இன்றும் இது மாறவில்லை. பல்கலைக்கழக நுழைவிற்கு எஸ்.பி.எம். மலாய்மொழியில் சிறப்புத் தேர்ச்சி இன்றியமையாதது. தமிழாசிரியை இதை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ்ப்பள்ளி நிலைக்க வேண்டும் என்று எண்ணுகிறவர்கள்தாம் இதை முதலில் எழுத வேண்டும்.

1969-ஆம் ஆண்டு மே 13 கலவரத்திற்குப் பின் எல்லாம் மாறிற்று. மலாயாப் பல்கலைக்கழக மாணவர் வாழ்வை ஆராய மருத்துவர் அப்துல் மஜிட் இஸ்மாயில் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அது 1971-இல் அறிக்கை அளித்தது. பல்கலைக்கழக மாணவர் தொகை நாட்டின் இன விகிதத்தை எதிரொலிக்க வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. அதே ஆண்டு கூட்டரசு அரசியலமைப்பின் 153-ஆம் விதியில் 8ஏ என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. எஸ்.பி.எம். அளவிலான கல்விக்குப் பிந்திய உயர்கல்விக் கூடங்களில் மலாய்க்காரர்க்கும் சபா, சரவாக் பூர்வகுடியினர்க்கும் இடம் ஒதுக்க அது வழி செய்தது. பொறியியல், மருத்துவம் போன்ற துறைகளில் மலாய் மாணவர் அந்நாளில் மிகச் சிலரே இருந்தனர். கிராமத்துப் பள்ளிகளில் அறிவியற் கூடம்கூட இல்லாத நிலையில், தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து இடம் கொடுத்தால் அந்நிலை மாறாது என்பது ஒதுக்கீட்டின் அடிப்படை. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். என் மனக்குறை வேறு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலும் அறிவியற் கூடம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். கிராம வளர்ச்சி என்று வந்த திட்டங்கள் பலவும் தோட்டத்தின் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டன.

ஒதுக்கீட்டுக் காலத்தில் மதிப்பெண்ணின் பொருள் என்னவாயிற்று? பின்னாளில் 55:45 என்ற விகிதம் அனைவரும் அறிந்த ஒன்றாயிற்று. பூமிபுத்ரா மாணவர்க்கு 55, மற்றவர்க்கு 45. ஒரு மாணவனின் தரம் தன் பெட்டிக்குள் இருக்கும் மற்றவரின் தரத்தோடு மட்டுமே ஒப்பிடப்பட்டது. 45 என்னும் பெட்டியில் சீனரும் இந்தியரும் அடங்கினர். இடம் குறைவு, கேட்போர் மிகுதி என்பதால் ஒரே ஒரு தரம் முன்னே பின்னே போனாலும் பட்டியலில் நூற்றுக்கணக்கானோர் தாண்டிச் சென்றுவிடுவர். எனவே மறுபடியும் தேர்வெழுதி ஒரு தரம் கூட்டிக்கொண்டவர்க்குப் பயன் இருந்தது. ஆனால் மறுபடியும் எழுதுவதென்றால் முழு ஆண்டும் காத்திருந்து, எல்லாப் பாடங்களையும் தனித்தேர்வராக மீண்டும் எழுத வேண்டும். ஓராண்டு வருமானத்தை இழக்கக்கூடிய குடும்பத்திற்கே அது இயலும்.

இனி என் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். வரலாற்றைத் தேடி நான் போகவில்லை, அது என் வீட்டுத் தபால்பெட்டிக்கே வந்தது.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988-இல் தொடங்கி 2021-இல் நீக்கப்பட்டது. அத்தேர்வில் மலாய்மொழிக் கருத்துணர்தல், எழுத்து ஆகிய இரண்டிலும் குறைந்தது சி பெற்ற தமிழ்ப்பள்ளிப் பிள்ளை நேரே முதலாம் படிவம் செல்லலாம். பெறாதவர் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்தாக வேண்டும். 1993-இல் எழுத்துத் தாளில் நான் பெற்றது டி. அந்த ஒரு தரத்தின் விலை ஓர் ஆண்டு. புகுமுக வகுப்புப் பிள்ளைகளை மற்றவர் எப்படிப் பார்த்தனர் என்பதை அங்குப் பயின்றவர் அறிவர். அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. அந்த ஓராண்டு தள்ளிப் போனதால் நான் எஸ்.டி.பி.எம். எழுதியது 2001-இல். பல்கலைக்கழகத்திற்கு மனுச் செய்தது 2002-இல். அந்த ஆண்டில்தான் ஒதுக்கீட்டு முறை எடுக்கப்பட்டு, மெரிட் எனப்படும் தகுதி முறை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது! பன்னிரண்டு வயதில் வாங்கிய ஒரு டி, என்னை ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்திற்குள் தூக்கிப் போட்டுவிட்டது.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் சேர வேண்டும் என்பதே என் ஆசை. தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று முழங்கித் தொழிலாளரிடம் வெள்ளி வெள்ளியாகத் திரட்டிய நிதியை அத்துறையின் தொடக்க வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாது. 1956-இல் எழுந்த துறை அது. எங்கள் தோட்டத்திலும் பணம் கொடுத்தவர் உண்டு என்று பாட்டி சொல்வார். அவர் கொடுத்த வெள்ளிக்கு நான் போய்ப் படிக்க வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே எனக்குள் ஓர் உரிமை உணர்வு!

தகுதி முறை என்றதும் எங்களுக்குப் பெரும் நம்பிக்கை. இனிப் பெட்டிகள் இல்லை, மதிப்பெண்தான் பேசும் என்று ஆசிரியர்களும் கூறினர். முடிவு வந்தபோது அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் பெற்ற 32,752 பேரில் இந்தியர் 1,530 பேர். அதாவது 4.7 விழுக்காடு. 2000-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் நம் பங்கு ஏறத்தாழ 7.7 விழுக்காடு. அந்த 1,530 பேரில் நான் இல்லை. என் மதிப்பெண் குறைவு. அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு பாடங்கள் நன்றாக அமைந்தன, இரண்டு கைவிட்டன.

ஆனால் மதிப்பெண் குறையாதவர்க்கும் அடி விழுந்தது. காரணம், அளவுகோல் ஒன்றாக இருக்கவில்லை. கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன் கல்லூரிகள் 1990-களின் இறுதியில் தொடங்கப்பட்டன. அங்கு ஓராண்டுப் படிப்பு, அத்திட்டத்திற்கென்றே நடத்தப்படும் தேர்வு. ஆறாம் படிவத்தில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் படிப்பு, நாடு தழுவிய பொதுத்தேர்வு. இரண்டும் பல்கலைக்கழக நுழைவில் சமமாகவே எண்ணப்பட்டன. தொடக்கத்தில் பூமிபுத்ரா மாணவர்க்கே உரியதாயிருந்த மெட்ரிகுலேஷனில், தகுதி முறை வந்ததையொட்டி மற்றவர்க்கும் பத்து விழுக்காடு திறக்கப்பட்டது. ஆக, பெட்டி பல்கலைக்கழக வாயிலிலிருந்து ஒரு படி கீழே இறங்கி மெட்ரிகுலேஷன் வாயிலில் அமர்ந்துகொண்டது. 2004-இல் எஸ்.டி.பி.எம். தேர்வில் ஐந்து ஏ பெற்ற 128 பேருக்கு மருத்துவத்தில் இடம் கிடைக்காமல் போனது நாடறிந்த செய்தி. பின்னர் அரசாங்கம் தலையிட வேண்டியதாயிற்று. அதற்கு மேல் கூட்டிக்கொள்ள அவர்களிடம் தரமே இல்லை. மதிப்பெண்ணை உயர்த்து என்று அவர்களிடம் யார் என்ன சொல்ல முடியும்?

நான் 2002-இல் மறுபடியும் எழுதினேன். பகலில் ஒரு பாலர்பள்ளியில் உதவியாளர் வேலை, இரவில் படிப்பு. அதே வேளையில் ஆசிரியர் பயிற்சிக்கும் மனுச் செய்து வைத்திருந்தேன். பயிற்சிக் கல்லூரியில் இடம் முதலில் கிடைத்தது. மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. சேர்ந்துவிட்டேன். எஸ்.டி.பி.எம். முடிவு அதன் பின்னரே வந்தது. கைவிட்ட இரண்டு பாடங்களும் தேறியிருந்தன. சில மாதங்களில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்புக் கடிதமும் வந்தது. நான் கேட்ட துறையன்று, கேட்ட பல்கலைக்கழகமும் அன்று. ஆயினும் வந்தது. அப்பா அக்கடிதத்தை எடுத்துச் சென்று கோயில் தலைவரிடம் காட்டினார். பயிற்சியை விட்டு வெளியேறினால் ஒப்பந்தப்படி பணம் கட்ட வேண்டும்; எங்களால் முடியாது. கடிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது. பட்டப்படிப்பைப் பின்னாளில், பணியில் இருந்துகொண்டே, விடுமுறை வகுப்புகளில் முடித்தேன்.

ஆகவே அந்த அம்மையார் கேட்டது எனக்குப் புதிய கேள்வியன்று. தரத்தை உயர்த்தியது எனக்கு வாய்ப்பைத் தந்தது உண்மை. அது வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது என்பதும் உண்மை. ஓராண்டு காத்திருக்க முடியாதவர்க்கு அக்காலத்து மறுதேர்வு பாதி உதவியே.

இங்கேதான் 2012 முக்கியமாகிறது. நம்மவரில் பலர் இதைக் கவனிக்கவில்லை என்பது என் வருத்தம். மெட்ரிகுலேஷன் பற்றி ஆண்டுதோறும் அறிக்கைப் போர் நடக்கிறது, ஆறாம் படிவம் பற்றி யாரும் பேசுவதில்லை. 2012-இல் எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டது. எல்லாவற்றையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுதும் முறை போய், ஒவ்வொரு பருவ முடிவிலும் தேர்வு, அதனுடன் பள்ளிசார் மதிப்பீடு என்று ஆயிற்று. முதலிரு பருவத் தாள்களில் நிறைவில்லாதவர், மூன்றாம் பருவத்தை ஒட்டி அவற்றை மறுபடியும் எழுதலாம். இரண்டில் எது மேலானதோ அதுவே கணக்கில் சேரும். குறைந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டியதில்லை. ஓராண்டு காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2002-இல் எனக்கு இந்த ஏற்பாடு இருந்திருந்தால் என்று எண்ணாத நாளில்லை.

மறுதேர்வால் உண்மையில் எவ்வளவு கூடும்? அரசுப் பல்கலைக்கழக நுழைவில் நூறு புள்ளிகளில் 90 தேர்வு முடிவிற்கு, 10 புறப்பாட நடவடிக்கைகளுக்கு. எஸ்.டி.பி.எம். பாடமொன்றில் ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33, பி 3.00 என்று இறங்கிச் செல்லும். நான்கு பாடங்களிலும் பி வாங்கியவருக்குச் சராசரி 3.00, தேர்வுக்கான 90-இல் அவருக்கு 67.5 கிடைக்கும். ஒரே ஒரு பாடம் பி-யிலிருந்து ஏ மைனஸுக்கு உயர்ந்தால் சராசரி 3.17 ஆகும், புள்ளி 71.3-ஐத் தொடும். கூடியது 3.8 புள்ளி. புறப்பாட நடவடிக்கை முழுவதற்கும் உள்ளது பத்தே புள்ளி என்பதோடு ஒப்பிட்டால் இதன் கனம் புரியும். புறப்பாடத்தைத் தள்ளிவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. படிவம் ஆறில் சாரணர் இயக்கத்திற்குப் போகாமல் நான் இழந்த புள்ளிகள் எனக்குத் தெரியும்.

ஒரு தரம் கூடினாலும் நெருக்கடியான துறைகளில் இடம் உறுதியில்லை. மருத்துவத்திற்கோ பல்மருத்துவத்திற்கோ 3.17 போதாது. மொழியியல், சமூகவியல், கல்வியியல், மேலாண்மை என்று பல துறைகள் உள்ளன. அங்கே அந்த 3.8 புள்ளி ஒருவரைப் பட்டியலுக்கு வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரக்கூடும். நம் பெற்றோர் பலர் மருத்துவம், பொறியியல், சட்டம் மூன்றையும் தவிர வேறு எதையும் பல்கலைக்கழகப் படிப்பாகவே எண்ணுவதில்லை. அதனால் தகுதியுள்ள பிள்ளையும் மனுப் படிவத்தில் கிடைக்காத துறைகளையே வரிசையாக எழுதிவிட்டு ஏமாறுகிறான். இதை எழுதுவதில் எனக்குத் தயக்கமுண்டு, ஆனால் கண்ணால் காண்பது.

மெட்ரிகுலேஷன் பக்கத்திலும் மாற்றங்கள் வராமலில்லை. 2012-இல் இந்திய மாணவர்க்கு 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2018-இல் 2,200 இடங்கள். 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆக்கப்பட்டன. விகிதம் 90:10 என்றே நின்றது. 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெற்ற அனைவருக்கும் இனவேறுபாடின்றி இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. மறு ஆண்டே, ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேருமா சேராதா என்ற சர்ச்சை கிளம்பிற்று. சேராது என்ற நிலைப்பாட்டால் பல பிள்ளைகள் கலங்கி நின்றனர். 1993-இல் சி-க்கும் டி-க்கும் இடையே நான் நின்ற இடத்தில், இன்று ஏ-க்கும் ஏ மைனஸுக்கும் இடையே பிள்ளைகள் நிற்கிறார்கள்.

எஸ்.பி.எம். பாட எண்ணிக்கையும் இதனோடு சேர்ந்தது. பத்துப் பாடங்களுக்கு மேல் எழுதக்கூடாது என்று 2009-இல் அறிவிப்பு வந்தபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் முதலில் வெட்டுப்படும் என்று நம் சமூகம் கொதித்தெழுந்தது. அதன் பயனாகப் பத்தோடு மேலும் இரண்டு என்ற வழி பிறந்தது. அப்போராட்டத்தில் வென்றோம். வென்ற பின், அந்த இரண்டையும் எழுதும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காக்கிறோமா என்பதைப் படிப்பவர் தம் ஊரில் பார்த்துக்கொள்ளட்டும்.

போன சனிக்கிழமை அந்த மாணவன் தானே வீட்டிற்கு வந்தான். தாயார் அனுப்பி வைத்திருக்கிறார். என்னைவிட ஒரு முழம் உயர்ந்திருக்கிறான். ஆறாம் ஆண்டில் மேசைக்கடியில் பந்து ஒளித்து வைத்தவன். முடிவுத்தாளை நீட்டினான். நான்கு பாடங்களில் வரலாறும் பொருளியலும்தான் இறங்கியிருந்தன. பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் இருவரும் கணக்குப் போட்டோம். இரண்டையும் ஒருங்கே எழுத அவனுக்கு மனமில்லை. மூன்றாம் பருவப் பாடங்களும் சேர்ந்து வருமே என்றான். நியாயம்தான். வரலாற்றை மட்டுமாவது எழுது என்றேன்.

"வரலாறு கூடினா எந்தக் கோர்ஸ் டீச்சர் கெடைக்கும்?"

நான் அலமாரியிலிருந்து அந்தப் பழைய அழைப்புக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "இதுக்கு நீங்க போகலையா டீச்சர்?" என்று கேட்டான். போகவில்லை என்றேன். காரணம் கேட்டான், சொன்னேன். நாள்காட்டித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுதேர்வுப் பதிவு எந்நாளில் முடிகிறது என்று பள்ளியில் விசாரிப்பதாகச் சொல்லிப் புறப்பட்டான்.